பொன் கேட்டும் இறைவனைக் கடிந்தும் பாடிய சுந்தரரை எப்படி அடியார் என்று ஏற்பது?

இரு மணம் செய்துகொண்டார், பொன்னும் நெல்லும் கேட்டார், கிடைக்காதபோது பெருமானையே ஏசினார், இப்படிப்பட்டவரை அப்பருக்கும் சம்பந்தருக்கும் பக்கத்தில் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சிவனடியார் வரலாறான பெரியபுராணத்தைக் கதைச்சுருக்கமாக மட்டும் படித்தவர் என்று நினைக்கிறேன். அது உங்கள் குற்றமன்று. நான் திருப்பூரை அடுத்து, சுந்தரர் ஏசிப் பாடிய தலமான திருமுருகன்பூண்டிக்கு அருகில் குடியிருப்பவன். எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தம் தோழரான சேர அரசர் சேரமான் பெருமாளிடம் விடைபெற்று, அவர் கொடுத்த பொன்னும் பட்டும் சுமையாட்களின் தலைமேல் முன்னே செல்ல, சுந்தரர் கொங்கு நாட்டு வழியாகத் திருவாரூருக்குத் திரும்புகிறார். பூண்டிக்கு அருகில் சிவபூதங்கள் வேடர் உருவில் வந்து அத்தனையையும் பறித்துக்கொள்கின்றன. நேரே கோயிலுக்குள் சென்ற சுந்தரர், வேடர்கள் வில்லைக் காட்டி வெருட்டுவதையும் கல்லால் எறிந்து உடுத்த துணியைப் பிடுங்குவதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, “எல்லைக் காப்பதொன் றில்லை யாகில்நீர் எத்துக்கிங் கிருந்தீர் எம்பிரானீரே” என்று கேட்கிறார். ஊர் எல்லையைக் காக்க முடியாத நீர் இங்கே எதற்காக அமர்ந்திருக்கிறீர் என்பது பொருள்.

இந்த ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திய நாளைச் சொல்ல வேண்டும். 2011 சனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நான் எட்டு மெசின் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக்கொண்டிருந்தேன். சாயம் ஏறிய துணி வரவில்லை. அதற்கு முன் தைத்துக் கொடுத்ததற்கு வரவேண்டிய 1,40,000 ரூபாயை, எனக்கு வேலை கொடுத்தவர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். எங்கள் தொழிலில் சனிக்கிழமை மாலை சம்பளம் என்பது மாறாத வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை, கைமடித்துக் கொடுக்கும் ஓர் அம்மா, பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, “அண்ணா, குழுவுக்குக் கட்டோணுங்க, நாளைக்கு வந்துருங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். சம்பள நோட்டில் பெயர்கள் இருந்தன, எதிரே போடத் தொகை இருந்தது, கையில் பணம் இல்லை.

அன்று இரவு பூண்டிக் கோயிலுக்குப் போனேன். அர்த்தசாமப் பூசைக்கு நின்ற நாலைந்து பேரில் பெரியவர் ஒருவர் இந்தப் பதிகத்தைப் பாடினார். பல முறை கேட்ட பாட்டுத்தான். ஆனால் “எத்துக்கிங் கிருந்தீர்” என்ற இடம் வந்தபோது, அரை மணி நேரமாக என் தொண்டையில் நின்ற சொல் அதுவே என்று தெரிந்தது. கோயிலில் நின்று அப்படிக் கேட்கலாம், கேட்டவர் வன்தொண்டர், அதாவது இறைவனோடு வன்மையாகப் பேசும் தொண்டர், என்ற பட்டத்தோடு கொண்டாடப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதிகம் பாடினால் பாக்கி வசூலாகும் என்று நான் எழுதவில்லை. அப்படி யாரும் திரித்துப் படிக்க வேண்டாம். சுந்தரர் இழந்த பொருள் கோயில் வாயிலில் வந்து குவிந்தது. எனக்கு இன்று வரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. மறுநாள் காலை ஓர் ஓவர்லாக் மெசினை விற்றுச் சம்பளம் போட்டேன். வேடராக வந்தவை பூதங்கள்தாம் என்பதற்குச் சான்று கேட்பவரோடும் எனக்கு வழக்கில்லை.

இனி, அவர் பொன் கேட்டது பற்றி. திருப்புகலூரில் அவர் பொன் வேண்டியது, பங்குனி உத்திரத்தில் அவர் மனைவி பரவையார் செய்யும் கொடைக்காக. குண்டையூரில் கிடைத்த நெல் மலைபோல் குவிந்துவிட, தூக்கிச் செல்ல ஆளில்லாமல் திருக்கோளிலியில் நின்று, “வாளன கண்மடவாள் அவள் வாடி வருந்தாமே” என்று வேண்டுகிறார். வீட்டில் ஒருத்தி உலையோடு காத்திருப்பாள் என்ற கவலையைச் சந்நிதியில் சொல்லக் கூச்சப்படாதவர் அவர். கடனும் குடும்பமும் உள்ளவனுக்கு இதைவிட நெருக்கமான அடியார் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இரு மணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதற்குப் பின் நடந்ததைச் சொல்வதில்லை. எங்கள் பகுதி மண்டபம் ஒன்றில் பேச வந்த பேச்சாளர் பரவையாரையும் இரண்டாவதாக மணந்த சங்கிலியாரையும் வைத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். அன்றைய ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரியேன் என்று கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் மட்டுமே கிடைத்தது; காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொன்றும் திரும்பின. இறைவனின் தோழர் என்பதற்காக அவருக்குச் சலுகை கிடைக்கவில்லை. அவரும் அதை மறைக்காமல், பிழை செய்தேன் என்று பதிகத்திலேயே பாடி வைத்தார். அந்த மனிதர்தாம் திருத்தொண்டத்தொகையில் மற்ற அடியார்களை வரிசையாக வைத்து, ஒவ்வொருவருக்கும் நான் அடியேன் என்று பாடினார். அந்தப் பதினொரு பாட்டு இல்லையென்றால் பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்கு ஏது முதல்நூல்?

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுந்தரர் பாடல்களின் தொகுப்பான ஏழாம் திருமுறையில் 49ஆம் பதிகம் பூண்டியில் ஏசிப் பாடியது. அதற்கு முந்தைய 48ஆம் பதிகம் இதே கொங்கு நாட்டில், காவிரிக்கரைக் கொடுமுடியில், “நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே” என்று பாடியது. இரண்டையும் ஒரே அமர்வில் வாய்விட்டுப் படியுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதன் பிறகும் இதே கேள்வி மிச்சமிருந்தால் இங்கேயே எழுதுங்கள், தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.