ஜப்பான் பேரரசர் அகிஹிதோ பதவி விலக விரும்பியதை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

பெரும்பாலானவர்கள் அவர் பக்கம்தான் நின்றார்கள். அப்போதைய கருத்துக்கணிப்புகள் பலவற்றில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரித்தார்கள்.

2016 ஆகஸ்ட் 8 அன்று அவர் தொலைக்காட்சியில் பேசியபோது வயது 82. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அரசியல் அதிகாரம் அவருக்குக் கிடையாது என்று அரசியல் சட்டம் சொல்வதால், 'விலகுகிறேன்' என்று நேராகச் சொல்லவில்லை. உடல் தளர்கிறது, முன்போல் கடமையைச் செய்ய முடியாமல் போகுமோ என்றுதான் கவலைப்பட்டார். மக்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஏன் அவ்வளவு பரிவு? 1991-இல் உன்சென் எரிமலை வெடித்தபோது, முகாமில் தங்கியிருந்தவர்கள் முன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டுப் பேசினார். பேரரசர் இப்படிச் செய்யலாமா என்று பழமைவாதிகள் சிலர் முகம் சுளித்தார்கள். 2011 சுனாமிக்குப் பிறகும் முகாம்களில் அப்படியேதான் உட்கார்ந்தார். அந்த மனிதர் ஓய்வு கேட்டால் யாருக்கு மறுக்க மனம் வரும்?

சரி, எதிர்ப்பே இல்லையா? இருந்தது. பதவியில் இருந்தபடியே வேலைகளை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாமே என்றார்கள் சிலர். நாளை அரசியல்வாதிகள் ஒரு பேரரசரைக் கட்டாயப்படுத்தி இறக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அது நியாயமான பயம்தான். அதனால்தான் அகிஹிதோ விலக வழிசெய்து 2017-இல் வந்த சட்டம் அவர் ஒருவருக்கு மட்டும் பொருந்தும்படி எழுதப்பட்டது. 2019 ஏப்ரல் 30 அன்று விலகினார். சுமார் 200 ஆண்டுகளில் அப்படி விலகிய முதல் பேரரசர் அவர்.