வேலூருக்கு நண்பர்கள் வருகிறார்கள், கோட்டையும் பொற்கோயிலும் தவிர எங்கே கூட்டிப்போகலாம்?

கோட்டையை விட்டுவிடாதீர்கள், 1806 சிப்பாய் எழுச்சி நடந்த இடம். ஆனால் அதைக் காலையிலேயே முடித்துவிட்டு, ஆம்பூர் போகும் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் விரிஞ்சிபுரத்துக்குக் கிளம்புங்கள். மதிலழகுக்குப் பேர்போன ஊர். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதிலைப் பார்த்தாலே புரியும். அதைவிட எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் நேரம் காட்டும் கல். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் போட்டிருப்பார்கள், மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் அப்போதைய மணி. ஆளுக்கொரு தடவை குச்சியை வைத்துக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதனால் வெயில் இருக்கும்போதே போய்விட வேண்டும், மேகமூட்டத்தில் போய்ப் பயனில்லை. சிங்கமுகம் வைத்த தீர்த்தக் குளத்தையும் காட்டுங்கள்.

மதியம் அப்படியே ஆம்பூர் போய்ச் சீரகச் சம்பா பிரியாணி, கூடவே கத்திரிக்காய்த் தொக்கு.

இன்னொரு நாள் இருந்தால் காட்பாடி வழியாக வள்ளிமலை. எல்லோரும் முருகனையும் வள்ளியையும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள், அதே மலையில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணக் குகையும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைக் கட்டாயம் காட்டுங்கள். படி ஏற வேண்டும், தண்ணீர் பாட்டில் அவசியம்.

அப்புறம், சென்னைக்குத் திரும்புகிறவர்களானால் ஆற்காட்டில் நிறுத்தி மக்கன் பேடா வாங்கிக் கொடுங்கள். பிய்த்தால் உள்ளே முந்திரி, பாதாம் எல்லாம் இருக்கும், பாகு சொட்டும், அதனால் காரில் வைத்துச் சாப்பிட விடாதீர்கள்.