ஆவணம் என்பது புதிதாகச் செய்த சொல்லா? அதன் பொருளும் வேரும் என்ன?

புதுச்சொல் இல்லை. ஆவணக் காப்பகம், ஆவணப்படம் என்று இப்போது அடிக்கடி கேட்பதால், 'டாக்குமென்ட்'டுக்கு யாரோ உட்கார்ந்து உண்டாக்கிய சொல் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அகநானூறு 77ஆம் பாட்டிலேயே இருக்கிறது. போர்க்களத்தில் விழுந்த வீரர்களின் குடலை எருவை என்ற கழுகு இழுக்கிறது. அதற்குச் சொல்லும் உவமை: கயிறு கட்டிய குடத்தின் மேல் உள்ள முத்திரையைப் பார்த்துவிட்டு, அதை அழித்து, உள்ளேயிருந்து ஓலைகளை எடுக்கும் 'ஆவண மாக்கள்'. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் குடவோலைக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் காட்சி!

அப்புறம் பெரியபுராணம். சுந்தரரின் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து "நீ என் அடிமை, உன் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டு என்று கேட்கிறது. அதாவது நடைமுறை, எழுத்து, சாட்சி. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அதோடு விடவில்லை சபை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. நகல், அசல், பழைய எழுத்தைப் பாதுகாக்கும் இடம் எல்லாம் 12ஆம் நூற்றாண்டுக் கதையிலேயே வந்துவிட்டது, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, வேர்? ஆவணத்துக்குக் கடைத்தெரு என்றும் பொருள் உண்டு. 'விழவறா வியலாவணத்து' என்று காவிரிப்பூம்பட்டினத்தின் அகன்ற கடைவீதியைப் பட்டினப்பாலை சொல்கிறது. வடமொழியில் சந்தையைக் குறிக்கும் 'ஆபண'த்தோடு இதைச் சேர்ப்பார்கள். சந்தை எப்படிப் பத்திரம் ஆயிற்று என்பதற்குச் சோழர் கல்வெட்டுகளின் நிலவிற்பனை வாசகம் ஒன்று உதவும் என்று நினைக்கிறேன்: 'ஆவணக்களியே கைச்செலவறக் கொண்டு' (பணத்தை முழுதும் கையில் வாங்கிக்கொண்டு) விற்று 'விலையாவணம்' செய்து கொடுத்தோம். விலை பேசுவதும் பணம் கைமாறுவதும் எழுதிக்கொடுப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன.

('பத்திரம்' என்றாலும் வடமொழியில் இலைதான், நம் ஓலை மாதிரியே. 'பத்திரமா வை' என்கிறோமே, அது நலம் என்று பொருள்படும் 'பத்ர' (bhadra) என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது.)

ஆக, உரிமையை நிலைநாட்டும் எழுத்து என்பதுதான் நெடுநாள் பொருள். வரலாற்றுப் பதிவு என்ற பொருள் பின்னால் விரிந்தது. எழும்பூரில் 1909இல் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் இருந்த மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸைத்தான் இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்கிறோம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது, மடிப்பெல்லாம் விட்டுப்போய். அதில் 'வாய்க்காலுக்கு மேற்கு' என்று எல்லை எழுதியிருக்கிறது. கல்வெட்டிலும் 'கீழ்பாற்கெல்லை (கிழக்கு எல்லை) வாய்க்காலுக்கு மேற்கும்' என்றுதான் வெட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.