மேலெல்லாம் மா, முற்றமெல்லாம் தண்ணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருக்கிறோம், முற்றம் இல்லை. போனில் வருகிற வீடியோக்களில் பிள்ளைகள் கலர் மணல், கலர் நுரை என்று என்னென்னவோ அளைந்து விளையாடுகிறார்கள். அந்தச் சாமான்களின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய ஏதாவது சொல்லுங்கள் அக்கா. வீடு அலங்கோலமாகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பதில்: அந்த வீடியோக்களில் கடைசியில் துடைக்கிற ஆளைக் காட்டமாட்டார்கள் தங்கச்சி. அலங்கோலம் ஆகத்தான் செய்யும், ஆனால் எந்த மூலையில் ஆகவேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. குளியலறைத் தரையில் பழைய சீலை ஒன்றை விரித்து, நடுவில் அகலமான பேசினை வைத்து, பிள்ளையை ஒரு பழைய பெனியனோடு இருத்திவிடுங்கள். குளிக்க வார்க்கிற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்பு தொடங்கினால், கழுவுகிற வேலையும் அதோடு முடிந்துவிடும்.

முதலில் கோன்ஃப்ளவர். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைக்க வேண்டும். பொத்திப் பிடித்தால் கட்டி, கையை விரித்தால் விரலிடுக்கால் ஒழுகும். சட்டென்று அமுக்கும்போது மாத்துணிக்கைகள் ஒன்றோடொன்று நெரிபட்டு இறுகிக்கொள்கின்றன, மெதுவாகத் தொட்டால் இடையில் உள்ள தண்ணீர் அவற்றை வழுக்க விடுகிறது, அவ்வளவுதான். பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை, உங்களுக்குத்தான் சொன்னேன், ஏனென்றால் நீங்களும் பிசையாமல் இருக்கமாட்டீர்கள். மிச்சத்தை மட்டும் சிங்குக்குள் ஊற்றாதீர்கள், அடியில் படிந்து குழாயை அடைத்துவிடும். காயவிட்டுக் கூட்டி அள்ளுங்கள்.

அடுத்தது உப்பு மா. ஒரு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். தாச்சியில் இளஞ்சூட்டில் கிளறி, ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்கி, கை பொறுக்கிற சூட்டில் பிசையுங்கள். இறுக்கமான டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு கிழமைக்கு மேல் தாங்கும். உப்பு நிறைய இருப்பதால் பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் வாயில் வைக்கிற வயதுத் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், இதை விட்டுவிட்டு அவித்து ஆறவைத்த சவ்வரிசியில் பீட்ரூட் சாறு கலந்து கொடுங்கள். வழுவழுவென்று இருக்கும், வாய்க்குள் போனாலும் கவலையில்லை. பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம் என்பதால் அந்த வயதுக்கு அது வேண்டாம்.

கேள்வி: பிள்ளை, எனக்கு 68 வயது. மருமகள் பேரனுக்கு அரிசி, பயறு எல்லாம் தட்டில் கொட்டி விளையாடக் கொடுக்கிறா. கேட்டால் சென்சரி பிளே, தொட்டு உணர்ந்து விளையாடுவதாம் என்கிறா. சாப்பாட்டுச் சாமானைக் காலுக்குள் போட்டு மிதிக்க விடுவது சரியா? (சாவகச்சேரி)

பதில்: உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது அம்மா. பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனியை எண்ணிப் போட்ட ஆட்கள் நீங்கள், 95 இடப்பெயர்வில் அரிசிப் பையைச் சுமந்துகொண்டு நடந்த ஆட்கள், போதாததற்கு 2022இல் திரும்பவும் வரிசையில் நின்றோம். அரிசி காலில் மிதிபடுவதைப் பார்க்க வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பேரனின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுத வைத்திருப்பீர்களே? கை உணர்கிறதை மூளை பிடித்துக்கொள்ளும் என்பதைத்தான் மருமகளும் இங்கிலீஷ் பெயர் வைத்துச் சொல்கிறா. இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வாருங்கள். ஒரு சுண்டு அரிசியைத் தனி டப்பாவில் போட்டு, விளையாட்டுக்கு என்று வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் அதையே பாவிக்கலாம், கடைசியில் கோழிக்குப் போடலாம். மற்றதுக்கு உமி, மணல், தும்பு, சிரட்டை இருக்கின்றன. பயறு, கடலை மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். என் மகன் ஒரு பயற்றை மூக்குக்குள் விட்டு, அதை எடுக்க ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினவள் நான்.

உண்மையைச் சொன்னால் இந்த விளையாட்டில் மருமகளை விட உங்களிடம்தான் சரக்கு அதிகம். ஊறின உழுந்தைக் கோது போகக் கழுவுவது, கொழுக்கட்டைக்கு மாக் குழைப்பது, அரிதட்டில் மா அரிப்பது, இதெல்லாம் பேரனுக்குத் திருவிழா. பனம்பழக் காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். சுட்ட பழத்தைத் தோலுரித்து, பெரிய சட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தும்போடு சேர்த்துப் பிசைந்து களி எடுக்கும்போது அவனையும் பக்கத்தில் இருத்துங்கள். முழங்கை வரைக்கும் செம்மஞ்சளாக ஒழுகும், வாசம் இரண்டு நாளைக்குப் போகாது. பின்னேரம் பணியாரம். ஒன்றும் வீணாகவில்லை, கொட்டையைக்கூடப் பாத்தி போடலாம்.

கேள்வி: உரும்பிராயில் இருக்கிறோம், வீட்டைச் சுற்றிச் செம்மண். மழை பெய்தால் இரண்டு பெடியளையும் உள்ளே பிடித்து வைக்க முடியவில்லை. சேற்றில் விளையாடினால் புழு வரும், காய்ச்சல் வரும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். விடலாமா?

பதில்: விடலாம், ஆனால் எந்தச் சேறு என்று பாருங்கள். வெள்ளம் தேங்கி நிற்கிற இடமும் வயற்கரையும் வேண்டாம். 2024 டிசம்பரில் மழை வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எலிக்காய்ச்சல் பரவியது நினைவிருக்கும். எலியின் சலம் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல், காயம் வழியாக உள்ளே போய் அது தொற்றுகிறது. அதற்குப் பதிலாக முற்றத்தில் பூனை, நாய் திரியாத ஒரு மூலையில் நீங்களே மண்ணை அரித்துப் போட்டு, போத்தல் ஓடு, ஆணி இல்லை என்று பார்த்து, கிணற்றுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுங்கள். இரண்டு சிரட்டை கிடைத்தால் மண்சோறும் மண்ரொட்டியும் தானாக வரும். செருப்போடு விளையாடட்டும், நகத்தை வெட்டி வையுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பூச்சி மருந்தை எப்போது கொடுப்பது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்லுவா.

எனக்குச் சேற்றை விடக் கிணறுதான் பயம். கட்டு பதிந்த கிணறு என்றால் மூடி போடாமல் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். வாளிக்குள் நாலு விரல் தண்ணீர் நின்றாலும் சின்னவனை விட்டு நகராதீர்கள், போன் அடித்தால் அடிக்கட்டும். செம்மண் பட்ட உடுப்பு பழைய நிறத்துக்கு வராது, அதற்கென்று இரண்டு சோடி ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்குக் கலர் விளையாட்டு வேண்டுமாம். கடைக் கலர் நம்பிக்கையில்லை.

பதில்: செவ்வரத்தம்பூ நாலைந்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து ஆறவிடுங்கள். அதை மூன்று கிளாசில் ஊற்றி, ஒன்றில் தேசிக்காய் பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும், இன்னொன்றில் அப்பச்சோடா போட்டால் பச்சையாகும். காக்கணம்பூ, சங்குப்பூ என்றும் சொல்வார்கள், அதன் நீலச் சாறு தேசிக்காய்க்கு ஊதாவாகும். மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரைத் துணியில் தடவி, சவர்க்காரத்தால் கோடு போட்டால் கோடு சிவப்பாக வரும். கறி கொட்டின வெள்ளை யூனிஃபோமில் பார்த்திருப்பீர்கள், அதே வித்தைதான். கழுவி நல்ல வெயிலில் போட்டால் மஞ்சள் மெல்ல வெளிறிவிடும்.

கேள்வி: நான் ஒரு அப்பா. நாலு வயது மகன் மண், மா, பசை எதையும் தொடமாட்டான், கையில் பட்டால் உடனே கழுவச் சொல்லி அழுகிறான். பழக்கத்துக்கு வரட்டும் என்று கையைப் பிடித்து வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: பிடித்து வைக்காதீர்கள் தம்பி. பக்கத்தில் நீங்கள் இருந்து விளையாடுங்கள், அவன் பார்க்கட்டும். கரண்டி, பிறஷ், குச்சி கொடுங்கள். கோன்ஃப்ளவர்க் குழையலைக் கெட்டியான பொலித்தீன் பையில் போட்டு இறுக்கக் கட்டி, வெளியாலிருந்து அமுக்க விடுங்கள். ஈரத் துவாய் ஒன்றை அவன் மடியிலேயே வைத்தால் வேண்டும்போது துடைக்கலாம் என்ற தைரியம் வரும். காய்ந்த உமியில் தொடங்கிக் குழைந்த மாவுக்கு வர மாதங்கள் எடுக்கலாம். சிலருக்குக் கடைசிவரை பிடிக்காமலே போகும், அதுவும் பரவாயில்லை. சாப்பாட்டில் குழைந்தது எதையும் உண்ணமாட்டான், நகம் வெட்ட, முடி வெட்ட, புது உடுப்புப் போட எல்லாவற்றுக்கும் இதே அழுகை என்றால் கிளினிக்கில் வைத்தியரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீரில் ஊறிப் பெருக்கிற கலர் மணிகள் கடையில் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விழுங்கினால் வயிற்றுக்குள் போயும் பெருத்துக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாது. வீட்டில் ஏற்கனவே இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள், தரையில் உருண்ட ஒன்றிரண்டையும் கட்டிலுக்குக் கீழே தேடி எடுங்கள்.