இன்று உதிரும் பீன்ஸ் பூ, பத்து நாளைக்கு முன்பே பழுதானது

கேள்வி: கீழ்மலையில் தாண்டிக்குடி பக்கம் கொடி பீன்ஸ் போட்டிருக்கிறேன். பங்குனியில் நன்றாகப் பூத்தது. பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. நின்ற காய்களும் கொக்கி போல வளைந்து, உள்ளே இரண்டு மூன்று விதைதான் இருக்கிறது. வெங்காய வேரை ஐஸ் தண்ணீரில் வைத்தால் குரோமோசோம் குட்டையாகிவிடும் என்கிறாள், தாவரவியல் படிக்கும் என் மகள். நான் விதைத்தது மார்கழிப் பனியில் முற்றிய விதை. அதுதான் கெட்டுவிட்டதா, ஐயா?

பதில்: விதையின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் மகள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் உங்கள் தோட்டத்தில் நடந்தது வேறு.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்பவை கதிர்கோல் இழைகள். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் இந்த இழைகள் கலைந்துவிடுகின்றன. இழுக்க ஆளில்லாத குரோமோசோம்கள் நின்ற இடத்திலேயே மேலும் இறுகிக் குட்டையாகின்றன. கோதுமையின் 42 குரோமோசோம்களை எண்ணுவதற்கு வேர் நுனியை ஒரு நாள் ஐஸ் தண்ணீரில் வைப்பது இதற்காகத்தான். குளிர் விலகியதும் இழைகள் மறுபடி உருவாகிப் பிரிதல் தொடரும். உறைபனி செடியைக் கருக்குவது வேறு கதை. அங்கே திசுவில் நீர் உறைந்து செல்லின் சவ்வு கிழிகிறது.

உங்களுக்கு வினையானது பங்குனி வெயில். மகரந்தம் உருவாகும்போது பீன்ஸின் 22 குரோமோசோம்களும் 11 ஜோடிகளாகச் சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு பிரிய வேண்டும். செடியின் வாழ்நாளில் இவ்வளவு நுட்பமான வேலை வேறில்லை என்பேன். கடும் வெப்பத்தில் பல பயிர்களில் இந்த ஜோடிகள் சரியாகப் பிணைவதில்லை. சில குரோமோசோம்கள் பின்தங்கி வழியில் நின்றுவிடுகின்றன. பீன்ஸில் இன்னொரு சேதமும் உண்டு. மகரந்தப்பைக்குள் வளரும் மகரந்தத்துக்கு உணவூட்டும் உள் அடுக்கு குலைந்து, மகரந்தம் பட்டினியில் சுருங்கிப்போகிறது. பகல் 30 டிகிரியைத் தாண்டி, இரவும் 20-க்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால் இப்படி ஆகும்.

இது நடப்பது பூ விரிவதற்குச் சுமார் பத்து நாட்களுக்கு முன், மொட்டு மிகச் சிறியதாக இருக்கும்போது. ஆகவே பூ உதிர்கிறதே என்று இன்று ஊக்கி மருந்து தெளிப்பது வீண் செலவு. மலடான மகரந்தத்துக்கு அது உயிர் கொடுக்காது. காய் வளைந்ததும் இதனால்தான்: நல்ல மகரந்தம் சேர்ந்த இடத்தில் மட்டும் விதை பிடித்து, மற்ற இடம் சூம்பிவிட்டது.

காலையில் விரியும் நிலையிலுள்ள பூ ஒன்றைப் பறித்து, நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உள்ளிதழை நகத்தால் பிரித்துப் பாருங்கள். விரல் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டினால் நல்லது. பைகள் வெடிக்காமல் வறண்டு கிடந்தால் வெப்பம் தாக்கியிருக்கிறது. சில பூக்களை மகளிடம் கொடுத்தனுப்புங்கள். கல்லூரி ஆய்வகத்தில் அசிட்டோகார்மைன் சாயம் இட்டால் நல்ல மகரந்தம் சிவப்பாகும், மலட்டு மகரந்தம் வெளிறித் தெரியும்.

தயவுசெய்து கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். கோடை மழை பெய்து இரவு குளிர்ந்தால், அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் விரியும் பூக்கள் காய் பிடிக்கும். அதுவரை மாலையில் அளவாக நீர் கட்டி, வேரடியில் சருகு மூடாக்கு போடுங்கள், யூரியா வேண்டாம். அடுத்த ஆண்டு விதைப்பை மூன்று, நான்கு வாரம் முன்னால் தள்ளினால், மாசி முடிவதற்குள் முதல் பூக்கள் காயாகிவிடும். கையிருப்பிலுள்ள மார்கழி விதையையே தாராளமாகப் போடலாம்.