பழைய கேம் பெட்டிக்கு ஆப்டிகல் அவுட்: கேட்டவர்களுக்குப் பதில்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஆம்ப்ளிஃபையர், டெக் ரிப்பேர் பார்ப்பவன் நான். பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்கு டிஜிட்டல் ஆடியோ அவுட், அதிலும் சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் அவுட், வைத்துக் கொடுப்பதும் உண்டு. அது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஆரம்பிக்கும் முன் ஒன்று: ஜப்பானில் இருந்து வந்த பெட்டியையோ அடாப்டரையோ நம்மூர் பிளக்கில் நேராகச் சொருகாதீர்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230.

திருமங்கலத்தில் இருந்து: அண்ணே, என்கிட்ட சூப்பர் ஃபேமிகாம் (நிண்டெண்டோவின் ஜப்பான் கேம் பெட்டி) இருக்கு. ஹோம் தியேட்டரில் ஆப்டிகல் இன் மட்டும்தான் காலி. இதில் டிஜிட்டல் அவுட் எடுக்க முடியுமா?

முடியும் தம்பி. இந்த வேலைக்கு அதைவிடத் தோதான பெட்டி கிடையாது. அதன் சத்தப் பகுதி சோனி செய்தது; வடிவமைத்தவர் கென் குட்டராகி, பின்னாளில் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தவர். எஸ்-டிஎஸ்பி என்ற சிப் நொடிக்கு 32,000 மாதிரி (சாம்பிள்), 16 பிட், ஸ்டீரியோ என்று சத்தத்தை வெறும் எண்ணாகத்தான் வெளியே தள்ளுகிறது. பக்கத்தில் இருக்கும் டிஏசி சிப்புக்குப் போன பிறகுதான் அது நிஜச் சத்தமாக மாறும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று கோடுகள் ஓடுகின்றன: டேட்டா, பிட் க்ளாக், இடது-வலது க்ளாக். அந்த மூன்றையும் கிரவுண்டையும் எடுத்து சிஎஸ்8406 மாதிரி ஒரு டிரான்ஸ்மிட்டர் சிப்பில் கொடுத்தால், அது எஸ்/பிடிஐஎஃப், அதாவது ஆம்ப்புக்குப் புரியும் டிஜிட்டல் ஆடியோ, ஆக்கித் தரும். அதன் வாயில் ஒரு டாஸ்லிங்க் எல்இடி மாட்யூல், அதாவது வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் சாக்கெட். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது மாஸ்டர் க்ளாக். மூன்று கோடு மட்டும் போதாது, டிரான்ஸ்மிட்டருக்கு மாதிரி வேகத்தின் 256 மடங்கில் ஒரு க்ளாக் வேண்டும். பெட்டியின் ஆடியோ ரெசனேட்டர் 24.576 மெகாஹெர்ட்ஸ், அதை மூன்றால் வகுத்தால் 8.192, அதாவது 32,000இன் சரியாக 256 மடங்கு. தனியாக ஒரு கிரிஸ்டல் வாங்கிப் போட்டு ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு க்ளாக்கும் ஒன்றுக்கொன்று நகர்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்கும். ரெசனேட்டர் குவார்ட்ஸ் அல்ல, செராமிக். அதனால் நிஜப் பெட்டிகள் 32,000க்குக் கொஞ்சம் மேலே ஓடுவது சகஜம். அது பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது, ஃபார்மட், அதாவது எண்களை அடுக்கி அனுப்பும் முறை. அந்தக் கால டிஏசிகளில் நிறைய, 16 பிட்டையும் வலது ஓரமாக ஒதுக்கி அனுப்பும் முறையில் இருக்கும். டிரான்ஸ்மிட்டரை ஐ2எஸ் என்ற வேறு முறையில் விட்டுவிட்டால் பாட்டு அடையாளம் தெரியும், ஆனால் மேலே மணலை வாரி இறைத்தது போல ஒரு கரகரப்பு ஏறிவிடும். அதைக் கேட்டுவிட்டு சிப் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். டிரான்ஸ்மிட்டரில் ஃபார்மட்டைத் தேர்வு செய்யும் பின்னைப் பாருங்கள்.

முதல் கட்டப் பெட்டியாக இருந்தால் உங்களுக்கு யோகம். சத்தப் பகுதி முழுக்க ஒரு தகரக் கூட்டுக்குள் தனி போர்டாக இருக்கும், கழற்றி மேசையில் வைத்தே வேலை பார்க்கலாம். சிப்பின் கால்கள் மெல்லியவை. மெல்லிய வயரின் நுனியில் முதலில் ஈயம் பூசிக்கொண்டு, காலின் மேல் வைத்து அயர்ன் முனையால் ஒரு தொடல், எடுத்துவிட வேண்டும். அழுத்தினால் கால் வளைந்து பக்கத்துக் காலில் ஒட்டும்.

இன்னொன்று: கேம் பாய் கேம்களை இதில் ஆட வைக்கும் சூப்பர் கேம் பாய் கேசட்டின் சத்தம் கேசட் பின்கள் வழியாக அனலாக் ஆகவே உள்ளே வருகிறது. அது டிஜிட்டலில் வராது. பழைய அனலாக் ஒயரையும் கழற்றிவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், உங்கள் ஹோம் தியேட்டர் 32 கிலோஹெர்ட்ஸை ஏற்குமா என்று மேனுவலில் பாருங்கள். எஸ்/பிடிஐஎஃப் விதிப்படி 32, 44.1, 48 மூன்றும் உண்டு. ஆனால் சில சவுண்ட்பார்கள் 32ஐக் கண்டுகொள்வதில்லை.

சிம்மக்கல்லில் இருந்து: பிஎஸ்2வுக்கு (பிளேஸ்டேஷன் 2) ஆப்டிகல் வைக்க எவ்வளவு ஆகும்?

பின்பக்கம் பாருங்கள், கம்பெனியே வைத்திருக்கிறான். சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் டிஜிட்டல் அவுட்டை ஆன் செய்யுங்கள்.

மேலூரில் இருந்து: சின்ன வயசில் வாங்கின சமுராய் டிவி கேம் இருக்கு. அதுக்கும் செய்யலாமா?

செய்ய முடியாது. அது ஃபேமிகாமின் (சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்தைய நிண்டெண்டோ பெட்டி) நகல். அசல் ஃபேமிகாமிலேயே சத்தம் அந்தச் சிப்புக்குள்ளேயே அனலாக் ஆகி வெளியே வருகிறது; தட்டி எடுக்க நடுவில் எண் எதுவும் கிடையாது. நகல் பெட்டிகளில் பலவற்றில் சிப்பே கண்ணுக்குத் தெரியாது, கறுப்பு பிசின் பொட்டுதான். ஆப்டிகல் வேண்டும் என்றால் வெளியே ஒரு அனலாக்-டு-டிஜிட்டல் டப்பா வாங்கி வையுங்கள். பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லை.

அனுப்பானடியில் இருந்து: செகா மெகா டிரைவ்?

அதே பதில். அதன் சத்தச் சிப்பான ஒய்எம்2612க்குள்ளேயே டிஏசி இருக்கிறது.

ஆரப்பாளையத்தில் இருந்து: ஜப்பான் பிஎஸ்1 ஒன்று வருகிறது. அதில் எப்படி?

வந்ததும் பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் பவர் சப்ளை 100 வோல்ட்டுக்கானது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டு அப்புறம் பேசலாம்.

வேலை நல்ல வேலை. எல்லாமே 44.1 கிலோஹெர்ட்ஸ், எந்த ஆம்ப்பும் முரண்டு பிடிக்காது. சிடியில் இருக்கும் பாட்டும் சத்தச் சிப்புக்குள் எண்ணாகவே கலந்து வருவதால் எதுவும் விட்டுப்போகாது. க்ளாக் 33.8688 மெகாஹெர்ட்ஸ், அது 44,100இன் 768 மடங்கு. இங்கேயும் மூன்றால் வகுத்தால் 256 மடங்கு. போர்டு மாடலுக்கு மாடல் மாறும், அதனால் உங்கள் மாடலின் சர்வீஸ் வரைபடம் இல்லாமல் அயர்னைச் சூடாக்காதீர்கள்.

உசிலம்பட்டியில் மைக் செட் நடத்தும் ஒருவர்: தம்பி, முதல் மாடல் பிஎஸ்1-ஐ சிடி பிளேயராக வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட அனலாக் சத்தத்தை விட்டுவிட்டு டிஜிட்டல் எதுக்கு? டிஜிட்டலில் உயிர் இருக்காது.

அண்ணே, வணக்கம். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். டிஜிட்டல் அவுட் எடுத்தாலும் கடைசியில் ஸ்பீக்கருக்குப் போவது அனலாக்தான். எண்ணைச் சத்தமாக்கும் வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் டிஏசி செய்வதற்குப் பதிலாக உங்கள் ஆம்ப்பில் இருக்கும் டிஏசி செய்கிறது. டிஜிட்டலா அனலாக்கா என்பது இங்கே சண்டையே இல்லை. எந்த டிஏசி, எந்த இடத்தில் என்பதுதான்.

அண்ணாநகரில் இருந்து கல்லூரி மாணவர்: அதான் சார் நானும் சொல்றேன். டிஜிட்டல்தான் அசல். மற்றதெல்லாம் இழப்பு.

நீங்களும் பாதிதான் சொல்கிறீர்கள். சூப்பர் ஃபேமிகாமில் டிஏசிக்குப் பிறகு ஓபி-ஆம்ப் (அனலாக் சத்தத்தைப் பெருக்கும் சிப்), ஃபில்டர் எல்லாம் உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டது அதைத் தாண்டி வந்து, டிவி ஸ்பீக்கரில் ஒலித்த சத்தம். டிஜிட்டலில் அந்த மழுப்பல் போய்விடும். சின்னச் சின்ன மாதிரிச் சத்தங்களின் பிசிறு பளிச்சென்று தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குக் காது கூசும். இதில் அசல் எது என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லாதீர்கள்.

மறுபடி உசிலம்பட்டி: அப்போ பணத்தைக் கொட்டி எதுக்குச் செய்யணும்?

கொர் சத்தத்துக்காக. பழைய வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்காது. டிவிக்கு ஒரு பிளக், ஆம்ப்புக்கு வேறு அறையில் இருந்து எக்ஸ்டென்ஷன், நடுவில் கேபிள் டிவி ஒயர். எல்லாக் கிரவுண்டும் ஆடியோ ஒயர் வழியாக ஒன்றோடொன்று கை கோர்த்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். மேடையில் உங்களுக்கு இந்தத் தொல்லை வந்தால் என்ன செய்வீர்கள்? ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக் கிரவுண்டைப் பிரிப்பீர்கள். ஆப்டிகலில் அந்த வேலையை வெளிச்சம் செய்கிறது. உயிர், உணர்வு எல்லாம் அப்புறம். என்னிடம் வேலைக்கு வந்த பெட்டிகளில் முக்கால்வாசி இந்த இரைச்சலுக்காக வந்தவைதான்.

உசிலம்பட்டி: அந்த இரைச்சல் விஷயம் சரி. ஆனா ஆப்டிகல் ஒயராவது தங்க முலாம் போட்டதா வாங்கணும்ல?

அண்ணே, உள்ளே போவது வெளிச்சம்.

திருப்பரங்குன்றத்தில் இருந்து: ஃபேமிகாமுக்கு ஆப்டிகல் வைக்க முடியுமா?

மேலூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

பேரையூரில் இருந்து: நிண்டெண்டோ 64க்கு செய்தேன். ஒரு கேசட்டில் நன்றாக வருகிறது, இன்னொன்றில் ஆம்ப் ஊமையாகிவிடுகிறது.

நல்ல கேள்வி. அதில் மாதிரி வேகத்தைக் கேம்தான் முடிவு செய்கிறது, கேசட்டுக்குக் கேசட் மாறும். ஆம்ப்புக்கோ 32, 44.1, 48 என்று வாய்ப்பாடு மாதிரி வர வேண்டும். நடுவில் வேகத்தை மாற்றும் சிப் ஒன்று, எஸ்ஆர்சி4192 மாதிரி, போட்டு எதையும் 48க்குக் கொண்டுவந்து அனுப்புங்கள். அது இல்லாமல் 64க்கு ஆப்டிகல் என்பது அரை வேலை.

கே.கே. நகரில் இருந்து: செய்தால் 5.1 வருமா?

வராது. இரண்டு சேனல்தான். கேமில் டால்பி சரவுண்ட் குறி இருந்தால் ஆம்ப்பில் புரோ லாஜிக் (இரண்டு சேனலில் இருந்து சரவுண்டைப் பிரிக்கும் மோட்) போட்டுப் பாருங்கள்.

வாடிப்பட்டியில் இருந்து: சூப்பர் ஃபேமிகாமுக்கு நம்மூர் 12 வோல்ட் அடாப்டர் போதுமா?

போதாது, கூடாது. 10 வோல்ட் டிசி, நடு முள் நெகட்டிவ். நம்மூர்க் கடை அடாப்டர் பெரும்பாலும் நடு முள் பாசிட்டிவ். மாற்றிச் சொருகினால் முதலில் ஃப்யூஸ் போகும்.

திருப்பரங்குன்றம் மறுபடி: ஃபேமிகாம் இல்ல அண்ணே, மீடியா டிவி கேம்.

தம்பி! அதுவும் ஃபேமிகாம் நகல்தான்.

சோழவந்தானில் இருந்து: என் ஆம்ப்பில் ஆப்டிகல் இல்லை, கோஆக்சியல்தான். அப்படியே ஆர்சிஏ சாக்கெட்டில் கொடுத்துவிடலாமா?

அப்படியே கொடுத்தால் சிப்பில் இருந்து 5 வோல்ட் போகும். கோஆக்சியலுக்கு வேண்டியது 75 ஓமில் அரை வோல்ட். சிப் 5 வோல்ட்டில் ஓடினால் 374 ஓம் தொடரிலும் 90.9 ஓம் கிரவுண்டுக்கும் போடுங்கள். 3.3 வோல்ட் என்றால் 243, 107. கூடவே ஒரு பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால்தான் கிரவுண்டு பிரியும். இல்லாவிட்டால் கொர் சத்தம் திரும்பி வரும்.

ஒத்தக்கடையில் இருந்து: வேலை முடிந்தது, அருமை. ஆனால் குதிக்கும் சத்தம் முன்னாடியே வருகிறது, ஆள் அப்புறம்தான் குதிக்கிறான்.

எல்சிடி டிவி படத்தைத் தாமதமாக்குகிறது. சத்தம் நேராக ஆம்ப்புக்குப் போய்விடுகிறது. டிவியை கேம் மோடில் போடுங்கள். அப்படியும் மிச்சம் இருந்தால் ஆம்ப்பில் ஆடியோ டிலே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே குதித்துப் பாருங்கள்.