கொத்தனார் மகளும் முதல் பட்டமும்

அன்புள்ள அய்யா,

மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க சனிக்கிழமை நீங்கள் வந்தபோது வெளியே இன்னும் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். உங்களிடம் நிதானமாகப் பேச முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் ஒன்று: மகளின் மதிப்பெண் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். ஒரு ஃபைல் வாங்கி அதில் வையுங்கள். லேமினேஷனும் வேண்டாம்.

மகள் சிவில் இன்ஜினியரிங் என்கிறாள். உங்கள் மச்சானோ, "பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு வருஷ டீச்சர் ட்ரெய்னிங் போதும், சைட்டுல ஆம்பளைங்களோட நிக்கணுமா" என்கிறார். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, "எங்க வம்சத்துல காலேஜ் வாசல மிதிச்சவங்களே இல்ல சார், மொதல்ல போறதுன்னா பயமா இருக்கு" என்றீர்கள்.

நீங்கள் கொத்தனார் என்று சொன்னதுமே எனக்கு இன்னொரு கொத்தனாரின் மகள் நினைவுக்கு வந்தார். பெயர் மேரி ஜேன் பேட்டர்சன். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து ராலே நகரில் 1840-இல் பிறந்த கறுப்பினப் பெண். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்று சட்டம் போட்டிருந்த மாநிலம் அது. குடும்பம் அங்கிருந்து ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த கல்லூரி 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்திருந்தது. பெண்களும் அங்கே படித்தார்கள்.

அங்கே பெண்களுக்கென்று தனியாக ஒரு படிப்பு வைத்திருந்தார்கள். முடித்தால் சான்றிதழ் உண்டு, பட்டம் கிடையாது. பட்டம் வேண்டுமென்றால் 'கனவான்களின் படிப்பு' என்று அழைக்கப்பட்ட நான்காண்டுப் படிப்பில் சேர வேண்டும். லத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாம் அதில்தான். பெண்கள் அதில் சேரக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. சேருங்கள் என்று சொல்லவும் இல்லை. இது நமக்கும் பழக்கப்பட்ட பேச்சுதானே? "உன் இஷ்டம்மா, அப்புறம் கஷ்டப்படாத" என்று இழுப்போமே, அதே தொனி. மேரி ஜேன் அந்தக் கனவான்களின் படிப்பையே எடுத்தார். 1862-இல் பி.ஏ. முடித்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், அடிமைகளுக்கான அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனமே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

மச்சானிடம் இதையும் சொல்லுங்கள்: மேரி ஜேனும் டீச்சர் வேலைக்குத்தான் போனார். ஆனால் கையில் இருந்தது பட்டம். ஃபிலடெல்பியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு 1869-இல் வாஷிங்டனுக்குப் போனார். கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி அங்கே 1870-இல் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் தலைமையாசிரியை ஆனார். ஐம்பதுக்கும் குறைவாக இருந்த பிள்ளைகள் அவர் காலத்தில் 172 ஆனார்கள். ஆசிரியர் பயிற்சிப் பிரிவையும் அங்கே அவர் காலத்தில்தான் சேர்த்தார்கள். உங்கள் மச்சான் சொல்லும் அதே பயிற்சி; அதைப் படிக்கும் இடத்தில் இல்லாமல், நடத்தும் இடத்தில் இருந்தார்.

கதையை இங்கேயே நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். இடையில் ஒருமுறை அவரைக் கீழே இறக்கி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இளங்கலைக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ரிச்சர்ட் கிரீனரை மேலே வைத்தார்கள். பிறகு பொறுப்பு திரும்பி வந்தது. பள்ளி பெரிதானதும் 1884-இல் மறுபடியும் ஓர் ஆணிடம் கொடுத்துவிட்டார்கள். தான் வளர்த்த பள்ளியிலேயே சாதாரண ஆசிரியையாகப் பாடம் நடத்தினார். 1894-இல் இறந்தார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வரும். உங்கள் மகளையும் சைட்டில் ஒருநாள் யாராவது, "இன்ஜினியர் எங்கம்மா?" என்று அவளிடமே கேட்பார்கள். பட்டம் வாங்கினால் அதெல்லாம் நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளி நின்றது. பின்னாளில் டன்பார் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்றது. ரத்த வங்கி முறைக்கு வழிவகுத்த மருத்துவர் சார்லஸ் ட்ரூ அங்கே படித்தவர்.

நீங்கள் சொன்ன அந்த பயத்துக்கு வருகிறேன். ஃபேனி ஜாக்சன் என்று இன்னொருவர். ஃபிலடெல்பியாவில் மேரி ஜேனோடு வேலை பார்த்தவர். அடிமையாகப் பிறந்தவர். மாதம் ஆறு டாலர் சம்பளத்தில் இருந்த சித்தி 125 டாலர் சேர்த்து அவரை மீட்டார். வீட்டுவேலை செய்துகொண்டே படித்து, அவரும் ஓபர்லினில் அதே கனவான்களின் படிப்பை 1865-இல் முடித்தார். வகுப்பில் பதில் சொல்ல எழுந்து நிற்கும்போதெல்லாம் தன் இனத்தின் மானமே தன் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். தப்பாகச் சொல்லிவிட்டால் 'இவர்களுக்குப் படிப்பு வராது' என்று முத்திரை குத்திவிடுவார்களே என்ற பயம். முதலில் போகிறவர்களுக்கு இந்தப் பாரம் தானாகவே வந்துவிடும் அய்யா. "நம்ம குடும்ப மானமே உன் கையிலதான்" என்று நீங்களும் ஒரு மூட்டையைத் தூக்கி வைக்க வேண்டாம். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தாலும் வைப்பாள். அன்றைக்குச் சாப்பாடு போட்டுத் தூங்கச் சொல்லுங்கள், போதும்.

இனி நடைமுறை. டீச்சர் ட்ரெய்னிங் முடித்த கையோடு அரசு வேலை என்பது பழைய கதை. தகுதித் தேர்வு, அதன் பிறகு நியமனத் தேர்வு என்று வரிசை இருக்கிறது. சிவிலிலும் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் மறைக்க மாட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்கள், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். அது அமையாவிட்டால் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. எதற்கும் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வில் கல்லூரி வரிசையை அவளே போடட்டும். மச்சான் போட வேண்டாம்.

நீங்கள் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருந்தபோது, ஏன் சிவில் என்று அவளிடம் கேட்டேன். "இன்ஜினியர் கொடுக்கிற அளவுல மாடிப்படி போட்டா தலை இடிக்கும்னு அப்பாவுக்குப் பாத்ததுமே தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டாரு. போட்டுட்டு அப்புறம் இடிச்சுக் கட்டுவாரு" என்றாள். அவள் இதைக் கவனித்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா?